காப்பதில் நிகரில்லாத இடம்

ஆக்ஸ்போர்டில், பியூமாண்ட் தெருவில் இருக்கும் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பல்கலைக்கழகம் ஒன்று தன் சேகரிப்பை ஊராருக்குத் திறந்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. 1683-இல் கதவைத் திறந்தார்கள். அன்றைக்கு அரும்பொருள் என்றால் பெரும்பாலும் பிரபுக்களின் அலமாரியில், பிரபுக்களின் நண்பர்கள் மட்டும் பார்ப்பதற்காக இருந்தது. 1710-இல் அங்கே போன ஊஃபன்பாக் என்ற ஜெர்மானியர், ஆறு பென்னி கொடுத்தால் பெண்களைக்கூட மேலே விடுகிறார்கள் என்று முகம் சுளித்து எழுதிவைத்தார். அவர் குறையாக எழுதியதை நான் பெருமையாகப் படிக்கிறேன். இன்று அந்த ஆறு பென்னியும் வேண்டாம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் நுழைவுச்சீட்டு. நிரந்தரக் கூடங்களுக்குள் மழைக்கு ஒதுங்கியவர்கூட நடந்துபோய் ஆல்ஃபிரட் மன்னனின் பொன்மணியைப் பார்த்துவிட்டு வரலாம். ஒன்பதாம் நூற்றாண்டு மணி அது. தன்னைச் செய்யச் சொன்னவர் ஆல்ஃபிரட் என்று தன் விளிம்பிலேயே எழுத்தில் தாங்கி நிற்கிறது. பொருளே தன் உரியவரைச் சொல்லும்போது அருங்காட்சியகத்துக்கு வேலை எளிது.

வைத்ததைக் கெடாமல் வைத்திருப்பதில் அந்த இடத்துக்கு நிகர் இல்லை. வர்ஜீனியாவின் பூர்வகுடிகள் மான்தோலில் சிப்பிமணி கோத்துச் செய்த விரிப்பு ஒன்று அங்கே இருக்கிறது. பவ்ஹாட்டன் என்ற தலைவரின் பெயரால் அழைக்கிறார்கள். 1656-இல் அச்சான பட்டியலிலேயே அதற்கு இடம் உண்டு. தோல், நரம்பு, சிப்பி என்று எல்லாமே பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகக்கூடிய பொருள்கள். ஆனாலும் நிற்கிறது. 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் ஒன்றும் இருக்கிறது. வாசித்தால் தேயும் என்று வாசிக்காமலே காக்கிறார்கள். முந்நூறு வருடம் கழித்தும் நேற்று பட்டறையிலிருந்து வந்ததுபோல் வார்னிஷ் மின்னுகிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மரத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் ஒரு பாதுகாப்பு கிடையாது.

எழுத்துக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். அந்த அருங்காட்சியகம் பிறந்ததே ஒரு பத்திரத்தில்தான். லண்டனை அடுத்த லாம்பெத்தில் டிரேட்ஸ்கண்ட் என்ற தோட்டக்கலைஞர்கள், தகப்பனும் மகனுமாக, ஊர் ஊராகச் சேர்த்த விந்தைப் பொருள்களை ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பேழை என்று பெயர். மேலே சொன்ன 1656-ஆம் ஆண்டுப் பட்டியலைத் தயாரிக்க உதவியவர் எலியாஸ் ஆஷ்மோல். 1659-இல் மகன் டிரேட்ஸ்கண்ட், எல்லாவற்றையும் ஆஷ்மோலுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பிறகு எழுதிய உயிலில், மனைவி ஹெஸ்டருக்கு, அவர் காலத்துக்குப் பின் ஆக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ என்று எழுதினார். 1662-இல் டிரேட்ஸ்கண்ட் இறந்தார். ஆஷ்மோல் வழக்குத் தொடுத்தார். உயிலைவிடப் பத்திரம் மூத்தது என்று நீதிமன்றம் ஆஷ்மோல் பக்கம் தீர்த்தது. ஹெஸ்டர் 1678-இல் தன் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் மிதந்தார். தனியே கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆஷ்மோல் அந்தச் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கட்டடம் எழும்பியது. கொடுத்தவர் பெயரே அதற்கு நிலைத்தது. எல்லாம் சட்டப்படி நடந்தது. பொருள்களைச் சேர்த்தவர்களின் பெயர் அறிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் பேர்தான்.

இந்த வீட்டில்தான் 1967 முதல் திருமங்கையாழ்வார் இருந்தார்.

வாளும் கேடயமும் ஏந்திய பதினாறாம் நூற்றாண்டு வெண்கலத் திருமேனி. பெல்மாண்ட் என்பவரின் சேகரிப்பிலிருந்து, சோதபி ஏலத்தின் வழியாக, 1967-இல் ஆஷ்மோலியனுக்கு வந்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியதாக அருங்காட்சியகம் சொல்கிறது. நான் அதை நம்புகிறேன். ஏலத்தில் கேட்டார்கள், பணம் கட்டினார்கள், ரசீது வாங்கினார்கள், பதிவேட்டில் ஏற்றினார்கள். ஒரு பொருள் தங்களிடம் எந்த ஆண்டு, யார் கையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதை ஐம்பது வருடம் கழித்தும் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. நம் ஊரில் எத்தனை கோயில்களில் இப்படி ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்ட முடியும்? அந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன்.

ஆழ்வாரை அவர்கள் காத்த விதத்தையும் மதிக்கிறேன். உற்சவர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காவலின் முழு அளவும் புரியும். கல்லில் நிற்கும் மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். வெளியே வருவது உற்சவர்தான். திருமஞ்சனம் என்று பாலும் தயிரும் தேனும் மஞ்சளும் சந்தனமும் அவர்மேல் வழியும். பட்டு உடுத்துவார்கள், துளசி மாலை சாத்துவார்கள், முகத்தருகே கற்பூரம் காட்டுவார்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் ஏற்றி வீதியெல்லாம் கொண்டுபோவார்கள். தேய்த்துத் தேய்த்து மூக்கும் கன்னமும் வழவழப்பாகி, வார்த்த ஸ்தபதி செதுக்கிய கூர்மை எல்லாம் நூறு தலைமுறைக் கைகளில் கரைந்துபோன திருமேனிகளை நாம் பார்த்திருக்கிறோம். உலோகப் பாதுகாப்பு படித்த எவரும் இந்தப் பட்டியலைக் கேட்டால் பதறுவார். புளிப்பும் ஈரமும் புகையும் எண்ணெயும் வெண்கலத்துக்கு ஆகாதவை. 1967 முதல் இவை ஒன்றும் ஆழ்வாரை அண்டவில்லை. ஒருவர்கூட அவரைத் தோளில் தூக்கவில்லை. ஒரு மழைத்துளி விழவில்லை. ஒரு குழந்தையும் வீதி ஓரத்தில் தகப்பன் தோளில் உட்கார்ந்து அவரைக் கைநீட்டிக் காட்டவில்லை. உலோகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

இவ்வளவு கவனம் உள்ளவர்கள், வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பெல்மாண்ட் சேகரிப்புக்கு முன்னால் இவர் எங்கே இருந்தார்? பதினாறாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் ஒரு ஆழ்வார் திருமேனியை வீட்டு அலங்காரத்துக்காக யாரும் வார்க்கவில்லை. கோயில் தவிர அதற்குப் பிறந்த வீடு கிடையாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் இத்தகைய தொல்பொருளை இந்தியாவிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1947-லேயே சட்டம் வந்துவிட்டது. 1967-இல் அந்தச் சட்டத்துக்கு இருபது வயது. எங்கே இருந்தார் என்று கேட்பதற்குச் சிறப்புப் புலமை எதுவும் வேண்டியதில்லை. சந்தையில் மாடு வாங்குகிறவர்கூடக் கேட்கிற கேள்விதான். மான்தோலுக்கு 1656 வரை வரலாறு வைத்திருக்கும் இடம், வெண்கலத்துக்கு 1967 வரை போதும் என்று நிறுத்திக்கொண்டது.

விடை புதுச்சேரியில் இருந்தது. 1955-இல் அங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஆள் அனுப்பி மூலை முடுக்கெல்லாம் படமெடுக்க வைத்தது. லட்சத்துக்கும் மேலான படங்கள். இன்று அந்தப் படப்பெட்டிதான் களவுபோன நம் திருமேனிகளுக்குப் பிறப்புச் சான்று. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றில், கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ள சுந்தரப்பெருமாள் கோவில் என்ற ஊரில், சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியில், இதே ஆழ்வார் நிற்கிறார். படம் எடுத்த ஆண்டு 1957. லண்டனில் ஏலம் போனது 1967. நடுவே பத்தே ஆண்டுகள். ஊரிலிருந்து கடல் கடந்து, ஒரு சேகரிப்பாளரின் கைக்கு வந்து, ஏலக்கூடத்தில் எண் ஒட்டப்பட்டு, பல்கலைக்கழகத்தின் படியேறும் வரை எல்லாம் அந்தப் பத்தாண்டுக்குள் முடிந்துவிட்டன. படம் எடுத்த கேமரா, நம்மைவிட விழிப்பாக இருந்தது. எடுத்த படத்தை ஐம்பது அறுபது வருடம் ஒருவரும் எடுத்துப் பார்த்து ஒப்பிடவில்லை என்பதில் நமக்கும் பங்குண்டு. அந்தப் பழியை நான் ஆக்ஸ்போர்டுக்குத் தள்ளமாட்டேன்.

ஊரில் நடந்தது அதைவிட மனதை அறுக்கிறது. உண்மையான திருமேனியை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் அச்சு அசலாக ஒரு போலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டறிந்தது. அதே கோயிலின் காளிங்க நர்த்தன கிருஷ்ணரும் விஷ்ணுவும் ஸ்ரீதேவியும் அமெரிக்காவுக்குப் போயிருப்பதாகவும் சொன்னது. ஒரே கோயில், நான்கு திருமேனிகள், நான்கு தனித்தனி ஊர்கள். அத்தனை வருடமும் பட்டர் போலிக்குத்தான் பால் ஊற்றினார். போலிக்குத்தான் ஊர் கைகூப்பியது. அவர்கள் பக்தியில் ஒரு மாசும் இல்லை. பெருமாள் அதை ஏற்றிருப்பார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் போலியைச் செய்யச் சொன்னவன், திருமேனியின் அளவையும் நிற்கும் வளைவையும் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்க வேண்டும்! அந்த நுட்பமான பார்வையில் பாதி, வாங்கியவர்களுக்கு இருந்திருந்தால் போதும்.

உண்மை வெளிவந்த கட்டத்தில் ஆஷ்மோலியன் நடந்துகொண்ட முறைக்காக நான் அவர்களைத் தயங்காமல் பாராட்டுகிறேன். 2019-இல் தனிப்பட்ட ஆய்வாளர் ஒருவர் 1957-ஆம் ஆண்டுப் படத்தைச் சுட்டிக்காட்டினார். அருங்காட்சியகம் அதை மறைக்கவில்லை. வழக்கறிஞர் வைத்துத் தட்டிக்கழிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தானே எழுதித் தெரிவித்தது. யாரும் கேட்பதற்கு முன்னால், எங்களிடம் உள்ளது உங்களுடையதாக இருக்கலாம் என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். உலகில் எத்தனையோ பெரிய அருங்காட்சியகங்கள் நீதிமன்ற வாசலில் இழுத்து நிறுத்தப்பட்ட பிறகும் வாய் திறப்பதில்லை. அந்த வரிசையில் ஆஷ்மோலியனை வைக்க எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு வந்தது நிதானம். 2020-இல் இந்தியா முறைப்படி கேட்டது. விசாரித்தார்கள். 2024 மார்ச் 11 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம், திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையை ஆதரித்தது. அந்த முடிவு அங்கிருந்து இங்கிலாந்தின் அறநிறுவன ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போனது. அறநிறுவனத்தின் சொத்தை நினைத்தபோது கொடுத்துவிட முடியாது என்பது அங்கே சட்டம், சட்டத்தை மதிப்பதில் தவறில்லை. வாங்குவதற்கு ஒரு ஏலநாள் போதுமாக இருந்தது. திருப்பித் தரலாம் என்று மன்றம் சொல்வதற்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. இத்தனை சரிபார்ப்பும் நுணுக்கமும் அவர்களிடம் இருந்திருக்கின்றன என்பது இந்த நான்கு வருடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1967-இல் அதில் ஒரு வாரத்தைச் செலவிட்டிருந்தால், இந்த நான்கு வருடமும் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

திருப்பித் தரும் கலை தெரியாத இடம் என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது. 2023-இல் அங்கே கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. ஆஷ்மோலியனுக்கும் கிரீட்டுக்கும் பழைய உறவு. நாசஸைத் தோண்டிய ஆர்தர் ஈவன்ஸ் அந்த அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். அந்தத் தீவுக்கு வெளியே, மினோவன் எனப்படும் அதன் பண்டை நாகரிகத்துப் பொருள்கள் அங்கே இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை. அதுவும் போதாமல், அந்தக் கண்காட்சிக்காகக் கிரேக்க நாட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை இரவல் வாங்கினார்கள். அதற்கு முன் தாய்நாட்டை விட்டு வெளியே போகாத பொருள்கள். இரவல் என்றால் எப்படிப்பட்ட வேலை என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் நிலைக்குறிப்பு எழுதுவார்கள். எங்கே கீறல், எங்கே ஒட்டு, எந்தப் பக்கம் நிறம் மங்கியிருக்கிறது என்று படத்தோடு பதிவார்கள். காப்பீடு எடுப்பார்கள். அதற்கென்றே அளந்து செய்த பெட்டியில் அடைப்பார்கள். அனுப்புகிற அருங்காட்சியகத்தின் ஆள் ஒருவர் பெட்டியோடு கூடவே வருவார். போகிற நாள், வருகிற நாள் இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கும். திரும்பும்போது அதே குறிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீறலையும் மறுபடி எண்ணுவார்கள். இதில் இருக்கும் மரியாதையை நினைத்தால் எனக்குக் கண் நிறைகிறது. ஒரு மண்பானைக்கு உரியவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சொன்ன நாளில் கொண்டுபோய் வைக்க வேண்டும், நடுவில் ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம் அந்த வீட்டில் வேரூன்றியிருக்கிறது. சுந்தரப்பெருமாள் கோவிலில் எடுக்கும்போது இப்படி ஒரு குறிப்பை எழுதியவர் யாருமில்லை. உரியவரிடம் கேட்டவர் யாருமில்லை. திரும்பும் நாளும் குறிக்கப்படவில்லை.

அந்தக் கண்ணாடி அறைகளில் எத்தனையோ தெய்வங்களும் மன்னர்களும் இருக்க, இந்தக் கதை திருமங்கையாழ்வாருக்கு நடந்ததில் ஏதோ பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. களவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருபரம்பரை அவரை நீலன் என்ற படைத்தலைவராக, ஆலிநாட்டுக் குறுநில மன்னராகக் காட்டுகிறது. குமுதவல்லியை மணக்க ஆசைப்பட்டு, தினம் ஆயிரத்தெட்டு அடியார்களுக்கு அமுது படைப்பதாக வாக்குக் கொடுத்து, கையிருப்பெல்லாம் கரைந்து, கடைசியில் வழிப்பறியில் இறங்கியவர். மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி நகைகளைப் பறித்தார். மூட்டை கட்டினார். மூட்டை நகரவில்லை. என்ன மந்திரம் போட்டாய் என்று வாளைக் காட்டி மிரட்டினார். காதில் எட்டெழுத்தைச் சொன்னார் பெருமாள். பங்குனியில் திருநகரியில் நடக்கும் வேடுபரி உற்சவத்தில் இந்தக் கொள்ளையை இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். தீவட்டி வெளிச்சத்தில் திருடனும் சாமியும் எதிரெதிரே நிற்பார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியாத ஒரு நொடி வரும். அதற்காகவே இரவெல்லாம் விழித்திருக்கலாம்.

பத்திரத்தைப் பற்றியும் அவருக்குத் தெரியும். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து அரங்கனுக்கு மதில் எழுப்பினார் என்று சொல்லும் அதே மரபு, கப்பல் கதை ஒன்றையும் சொல்கிறது. பாக்கு ஏற்றிவந்த கப்பலில் ஏறிய ஆழ்வார், ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து இரண்டாகப் பிளந்தார். பாதியைக் கப்பல்காரரிடம் கொடுத்து, கப்பலில் பாதிப்பாக்கு தனக்கு உரியது என்று ஒரு சீட்டு எழுதி வாங்கினார். கரை சேர்ந்ததும் அந்தச் சீட்டை நீட்டினார். கப்பலில் உள்ள பாக்கில் பாதி என்னுடையது என்றார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை, கையெழுத்தும் கப்பல்காரருடையது. வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். டிரேட்ஸ்கண்ட் பத்திரத்தைப் படித்த பிறகு, ஏல ரசீதைப் பற்றிப் படித்த பிறகு, சிரிப்பு வரவில்லை. கையில் சரியான சீட்டு இருப்பதும் பொருளுக்கு உரியவராக இருப்பதும் வெவ்வேறு என்பதை அந்தக் கப்பல்காரர் அன்றைக்கே அறிந்திருப்பார். ஆழ்வார் பறித்ததெல்லாம் அடியார் பசிக்கும் அரங்கன் மதிலுக்கும் போனது. ஸ்ரீரங்கத்தில் ஒரு திருச்சுற்றுக்கு இன்றும் ஆலிநாடன் பெயர்தான். பறித்ததை அவர் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவில்லை.

சுந்தரப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தை ஒட்டிய அடுத்த ஊர் சுவாமிமலை. அங்கே ஸ்தபதி குடும்பங்கள் இன்றும் காவிரி வண்டலில் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு வெண்கலம் ஊற்றுகிறார்கள். ஒரு திருமேனிக்கு ஒரு அச்சுத்தான். உடைத்துத்தான் வெளியே எடுக்க முடியும், இரண்டாவது முறை வராது. முடிந்தபின் கண் திறப்பார்கள். அந்த நொடியிலிருந்து அது உலோகம் இல்லை, அதற்குப் பசி உண்டு, குளியல் உண்டு, உறக்கம் உண்டு, பிறந்தநாள் உண்டு. ஆழ்வாருக்குக் கார்த்திகையில் கார்த்திகை நட்சத்திரம். அன்று பெருமாள் கோயில்களில் அவருக்குப் பால் வழியும், புதுப்பட்டு ஏறும், மேளம் முழங்கும். திருமொழியைச் சேவித்தபடி கோஷ்டி முன்னால் நடக்கும். ஆக்ஸ்போர்டில் அந்தப் பருவத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஐந்து மணிக்குக் கூடத்தை மூடுவார்கள். 1967-க்குப் பின் அங்கே வந்த ஒவ்வொரு கார்த்திகையிலும் காவலர் வழக்கம்போல் அறையறையாகப் பார்த்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்.